இலையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்: குளிர்காலத்தில் மணத்தழைகள்

குளிர் இறங்கத் தொடங்கும் வாரத்தில் செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு பதற்றம் வரும். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பேசிலும் புதினாவும் தைமும் என்ன ஆகும்? எல்லாத் தொட்டியையும் வீட்டுக்குள் தூக்கிவிடலாமா? மொத்தமாக அறுத்துக் காயவைத்துவிடலாமா? முதல் வருடம் பலர் இந்த இரண்டில் ஒன்றை எல்லாச் செடிக்கும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். வெளியிலேயே இருந்திருக்க வேண்டிய செடி உள்ளே வந்து வாடுகிறது. காயவைத்திருக்கக் கூடாத தழை காய்ந்து வைக்கோல் வாசனை அடிக்கிறது.

உறைபனி விழும் இடங்களில் முதல் குளிர்காலத்தைச் சந்திப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூலிகை என்றதும் மருந்துதான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது சமையலுக்கு மணம் தரும் தழைகளை. எதை எங்கே வைப்பது, எதை எப்படிச் சேமிப்பது, எதை எப்போது சட்டியில் போடுவது என்ற மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும். அந்த இடம் இலை.

முதல் படி: இலையைத் தொடுங்கள்

ரோஸ்மேரி இலையை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஊசிபோல ஒடுங்கித் தடிப்பாக இருக்கும், மேலே மெழுகு பூசியதுபோல ஒரு வழவழப்பு. கசக்கினால் ஈரம் வராது. பிசுபிசுப்பாக எண்ணெய்தான் ஒட்டும். அடுத்து ஒரு பேசில் இலையை எடுங்கள். திருநீற்றுப்பச்சிலை என்று நாம் சொல்வதும் இதே இனம்தான். அகலமான, மெல்லிய இலை, பெரும்பகுதியும் தண்ணீர். கசக்கிய உடனே விரல் நனையும், கொஞ்ச நேரத்தில் கசங்கிய இடம் கறுத்துப்போகும்.

இலைக்குள் இருக்கும் அந்தத் தண்ணீர் உறைந்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். அதனால்தான் உறைபனி விழுந்த மறுநாள் பேசில் வேகவைத்த கீரைபோலத் துவண்டு கிடக்கிறது. ரோஸ்மேரி, தைம், சேஜ், ஓரிகானோ ஆகியவற்றின் தடித்த இலையோ வறட்சிக்காகவே உருவானது. அதே காரணத்தால் குளிரையும் ஓரளவு தாங்கும், காயவைத்தாலும் மணம் போகாது, நீண்ட நேரம் கொதித்தாலும் நிற்கும். மெல்லிய இலை இந்த மூன்றிலும் தோற்கும். பாதி வழிகாட்டி இதிலேயே முடிந்துவிட்டது.

விதிவிலக்குகளும் உண்டு. புதினாவின் இலை மெல்லியது, ஆனால் காய்ந்தாலும் மணக்கும்; அதன் வேர் கடும் பனியிலும் பெரும்பாலும் உயிரோடு கிடக்கும். பார்ஸ்லியும் கொத்தமல்லியும் லேசான உறைபனியைத் தாங்கும், ஆனால் காயவைத்தால் காகிதம்தான். இவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

வெளியிலேயே விழித்திருப்பவை: தைம், சேஜ், ரோஸ்மேரி. குளிர்காலம் முழுக்க இலையோடு நிற்கும். ரோஸ்மேரி மட்டும் இதில் கொஞ்சம் பலவீனம். பல ரகங்கள் மைனஸ் 7, மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குமேல் தாங்காது. உங்கள் ஊரில் அதற்குக் கீழே போகும் என்றால் அது உள்ளே வர வேண்டும்.

தரைக்கு மேலே காய்ந்து, கீழே தூங்குபவை: புதினா, சைவ்ஸ் (வெங்காய இனத்து மெல்லிய தழை), ஓரிகானோ. தண்டு பழுத்துச் சாய்ந்ததும் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் தூங்குகிறது, வெயில் திரும்பினால் எழுந்துவிடும்.

குளிரில் செத்துப்போபவை: பேசில், துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், கறிவேப்பிலை. பேசிலுக்கு உறைபனிகூட வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கறுக்கத் தொடங்கும். அதனால் இந்தக் கூட்டத்துக்கு உறைபனி எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடும் வாரத்திலேயே முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: வெளியில் நிற்பவற்றுக்கு ஏற்பாடு

தைம், சேஜ் போன்றவற்றைக் குளிரைவிட ஈரக்குளிர்தான் அதிகம் கொல்லும். தண்ணீர் தேங்கிய மண்ணில், உறைந்தும் உருகியும் கிடக்கும் வேர் அழுகிப்போகும். எனவே முதல் வேலை வடிகால். நிலத்தில் இருந்தால் செடியைச் சுற்றிச் சருகு அடைந்து கிடக்காமல் பார்த்து, தண்டின் அடியில் கொஞ்சம் சரளைக்கல் பரப்புங்கள். தொட்டியில் இருந்தால் அடித்தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

நிலத்தில் பிழைக்கும் செடி தொட்டியில் சாகலாம். நிலத்தில் வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் மண். தொட்டியிலோ நான்கு பக்கமும் குளிர்காற்று, அதுவும் வேர் தண்டைவிடக் குளிருக்குப் பயந்தது. தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, கோணிச்சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஈரம் குடித்த மண்தொட்டிகள் பனியில் வெடிப்பது இதனால்தான்.

தூங்கும் கூட்டத்துக்கு மூடாக்கு போடலாம். காய்ந்த இலையோ வைக்கோலோ 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். ஆனால் அவசரப்பட்டு முன்கூட்டியே போடாதீர்கள். மண் ஒருமுறை உறைந்தபின் போடுங்கள். மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக்குவது அல்ல. பகலில் உருகி இரவில் உறைந்து, மண் ஏறி இறங்கி, வேரை மேலே தள்ளிவிடாமல் தடுப்பதுதான். மேலே பனி கொட்டினால் தள்ளிவிட வேண்டாம். பனியும் நல்ல போர்வைதான்.

முதல் உறைபனிக்கு முந்தைய ஐந்தாறு வாரங்களில் கவாத்து வேண்டாம். வெட்டினால் புதுத்தளிர் வரும், அந்தத் தளிர்தான் முதலில் கருகும். சமையலுக்கு நுனி கிள்ளுவதில் தப்பில்லை, கொஞ்சமாகக் கிள்ளுங்கள். இலை விறைத்து உறைந்திருக்கும் காலையில் மட்டும் தொட வேண்டாம். உருகட்டும், மதியம் போய்ப் பறிக்கலாம்.

நான்காம் படி: உள்ளே கொண்டுவருதல்

ஒரே நாளில் தூக்கி உள்ளே வைத்தால் செடி அதிர்ந்து இலையைக் கொட்டும். வெயிலில் இருந்ததை ஒரு வாரம் நிழலுக்கு நகர்த்தி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். அதற்குமுன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெளியில் அவற்றைத் தின்ன வேறு பூச்சிகள் உண்டு. வீட்டுக்குள் யாரும் இல்லாததால் இரண்டு வாரத்தில் செடி முழுக்கப் பரவிவிடும். நல்ல நீர்வீச்சில் கழுவி, தேவைப்பட்டால் நீர்த்த சோப்புக் கரைசல் அடித்து, மற்றச் செடிகளிடமிருந்து பத்து நாள் தள்ளி வைத்துப் பாருங்கள்.

எலுமிச்சைப்புல்லை முழுசாக வைத்துப் பராமரிக்க வேண்டியதில்லை. 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, சில தூர்களைச் சிறு தொட்டியில் நட்டு, மண் முற்றிலும் காய்ந்துவிடாத அளவுக்கு எப்போதாவது தண்ணீர் காட்டினால் போதும். பேசிலின் கிழட்டுச் செடியைக் காப்பாற்றுவதும் வீண்வேலை. நுனித்தண்டு 10 சென்டிமீட்டர் கிள்ளி, கீழிலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும், அதை நட்டுக்கொள்ளலாம். புதினாவும் இப்படியே வரும். பார்ஸ்லிக்கு ஆழமான ஆணிவேர். தோண்டி மாற்றினால் முகம் சுளிக்கும், புதிதாக விதைப்பதே மேல். முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம்வரை ஆகும் என்பதால் விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள்.

சைவ்ஸ் விஷயத்தில் வழி நேர் எதிர். இலை சாய்ந்தபின் ஒரு கொத்தைத் தோண்டித் தொட்டியில் வைத்து, சில வாரம் வெளிக்குளிரிலேயே விடுங்கள். குளிரைக் கண்டு தூங்கி எழுந்த கிழங்கை உள்ளே கொண்டுவந்தால், சீக்கிரமே நடுக்குளிர்காலத்தில் பச்சைக் குருத்து நீட்டும். குளிரே காட்டாமல் கொண்டுவந்தால் சோம்பிக் கிடக்கும்.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் கூடாது. வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்த ஜன்னல், தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. அப்படியும் குளிர்காலப் பகல் குறுகியது. தண்டு மெலிந்து நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தால், வெளிச்சம் போதவில்லை என்று பொருள். செடி வளர்க்கும் எல்இடி விளக்கு ஒன்றை 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணிநேரம் எரியவிடுங்கள். உயரத்தைக் கூட்டக் கூட்ட ஒளி வேகமாகக் குறையும். அறை விளக்கு கூரையில் இருந்து எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் செடிக்குப் போதாது. இரவில் இலை கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசில் இலை சில்லென்ற கண்ணாடியில் ஒட்டிய இடம் மட்டும் காலையில் கறுப்பாக இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக

என் முதல் குளிர்காலத்தில் ஒரு ரோஸ்மேரியை இழந்தேன். இரண்டு வருடச் செடி அது. உள்ளே கொண்டுவந்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, காற்று வறண்டிருக்கிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலை நுனி காய்ந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கை பட்டாலே ஊசி இலைகள் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தபோது தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் பழுப்பாகிக் கொழகொழத்து, புளித்த வாடை அடித்தது.

நடந்தது இதுதான். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு, வளர்ச்சி குறைவு, அதனால் செடி குடிப்பதும் குறைவு. தேங்கிய ஈரத்தில் வேருக்குக் காற்றில்லாமல் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. எனவே இலை காய்கிறது. பார்ப்பவருக்கு அது தாகம்போலத் தெரிகிறது, இன்னும் ஊற்றுகிறார். நீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி வறண்டு சாகிறது. வீட்டுக்குள் வரும் மணச்செடிகள் பெரும்பாலும் குளிரால் போவதில்லை, இப்படித்தான் போகின்றன.

இதைத் தடுக்க நாள் கணக்கு வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி வடிந்தபின் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்துத் தூக்கும்போது லேசாகிவிட்டது தெரியும். பிறகு விரலை 2, 3 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் அளவுக்கு நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அதற்காக ரோஸ்மேரியைக் கட்டாந்தரையாகக் காயவிடவும் கூடாது. அது துவண்டு காட்டாது. நீங்கள் கவனிப்பதற்குள் காய்ந்து முடிந்திருக்கும். மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பினால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது என் ரோஸ்மேரி ஹீட்டரே இல்லாத வெளிச்சமான அறையில், 10 டிகிரி சுற்றுவட்டத்தில் நிம்மதியாக இருக்கிறது. வெதுவெதுப்பான அறையைவிட அதற்கு இதுதான் பிடிக்கும்.

உரம் வேண்டாம். வளராத செடிக்கு உரம் போட்டால் உப்பு மட்டும்தான் சேரும்.

ஐந்தாம் படி: சேமிப்பு

பறிக்க நல்ல நேரம் காலை, பனி காய்ந்தபின், வெயில் ஏறுவதற்குமுன். பூப்பதற்குச் சற்று முன்னால் இலையில் எண்ணெய் அதிகம்.

தடித்த இலைகளையும் புதினாவையும் காயவையுங்கள். பென்சில் தடிமனுக்குமேல் போகாத சிறு கட்டுகளாகக் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அடுப்பிலோ உலர்த்தியிலோ செய்தால் 35 முதல் 40 டிகிரி போதும். மணம் என்பதே ஆவியாகும் எண்ணெய்தான். சூட்டைக் கூட்டினால் வீடு மணக்கும், இலையில் ஒன்றும் மிஞ்சாது. காய்ந்ததா என்று அறிய ஒரு இலையை நொறுக்கிப் பாருங்கள், சலசலவென்று உடைய வேண்டும். பிறகு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் உட்புறத்தைக் கவனியுங்கள். கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல மங்கல் தெரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. வெளியே கொட்டி மறுபடி உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். முழு இலையாகவே வைத்திருந்து சமைக்கும்போது நொறுக்குங்கள். இருட்டான அலமாரியில் ஒரு வருடம் நன்றாக இருக்கும்.

பேசில், பார்ஸ்லி, கொத்தமல்லி, சைவ்ஸ், சதகுப்பைத் தழை ஆகியவற்றை உறையவையுங்கள். பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் அமுக்கி, மூழ்கும்படி தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். கட்டியானதும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். பேசில் மட்டும் கறுக்கும். கொதிநீரில் ஐந்து பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டு உறையவைத்தால் பச்சை நிற்கும். கறுக்கவைக்கும் நொதியைச் சூடு முடக்கிவிடுகிறது.

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைத் தழையையோ பூண்டையோ எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்று இல்லை, தழையில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த நஞ்சு வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. செய்தால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது உறையவையுங்கள். பாட்டிலில் அழகாக நிறுத்திவைக்க ஆசை என்றால் வினிகர் இருக்கிறது. 5 சதவீத அமிலம் உள்ள வினிகரில் கழுவித் துடைத்த தைமோ ரோஸ்மேரியோ போட்டு இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு வடிகட்டலாம். புளிப்பில் அந்தக் கிருமி வளராது.

ஆறாம் படி: அடுப்படியில்

தொட்டுப் பார்த்த அதே இலைதான் இங்கும் வழி சொல்லும். ரோஸ்மேரி, தைம், சேஜ் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே சட்டியில் போடுங்கள். கொழுப்பிலும் சூட்டிலும் நேரம் கிடைத்தால்தான் மணத்தை விடும். கிழங்கு, பருப்பு, பீன்ஸ் என்று மெதுவாக வேகும் எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். பேசில், கொத்தமல்லி, பார்ஸ்லி, சைவ்ஸ் ஆகியவற்றை அடுப்பை அணைத்தபின் தூவுங்கள். உறைந்த கட்டியையும் கடைசி நிமிடத்தில் போட்டால் போதும்.

புதுத்தழை ஒரு மேசைக்கரண்டி என்றால் காய்ந்தது ஒரு தேக்கரண்டி. அதாவது மூன்றுக்கு ஒன்று. ரோஸ்மேரியிலும் சேஜிலும் அதற்கும் குறைவாகத் தொடங்குங்கள், கை தாராளமானால் சாப்பாடு கசக்கும்.

ஓரிகானோ, தைம், கற்பூரவல்லி, ஓமம் நான்கையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். ஏதோ ஒரு உறவு தெரியும். தைமால், கார்வக்ரால் என்ற நெருங்கிய இரண்டு சேர்மங்கள்தான் இவற்றின் மணத்துக்குப் பெரிய காரணம். கையில் ஒன்று இல்லாதபோது மற்றொன்றைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் இதனால் வரும்.

தேநீருக்குப் புதினாவோ தைமோ போட்டால், கொதிநீர் ஊற்றியதும் தட்டு போட்டு மூடி ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மூடியைத் திறந்தால் அதன் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், அதை முகர்ந்து பாருங்கள். மூடாமல் விட்டிருந்தால் அத்தனை மணமும் அறைக்குள் போயிருக்கும். சேஜ் தேநீரை மட்டும் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

வீட்டில்

ஜன்னலைத் திறக்க முடியாத நாள்களில் சிறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ரோஸ்மேரிக் குச்சி ஒன்று, ஆரஞ்சுத் தோல், பட்டைத் துண்டு போட்டு மிகச் சிறு தீயில் விடுங்கள். சமையலுக்குத் தழை உருவியபின் மிஞ்சும் காம்புகளே இதற்குப் போதும். தண்ணீர் வற்றாமல் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காய்ந்த லாவெண்டர் பூவைச் சிறு பருத்திப் பையில் கட்டித் துணி அலமாரியில் வைக்கலாம். மணம் மங்கினால் பையைக் கையால் கசக்குங்கள், மறுபடி எழும். பூனை, நாய் இருக்கும் வீட்டில் கடையில் விற்கும் செறிவான வாசனை எண்ணெய்களை ஆவியாக விடாதீர்கள். பூனைகளின் உடலால் அவற்றைச் சரியாக வெளியேற்ற முடியாது.

குளிர் விலகும்போது

உள்ளே இருந்தவற்றை ஒரு வாரம் பத்து நாள் பழக்கித்தான் வெளியே விட வேண்டும். முதல் நாள் ஒரு மணிநேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பேசிலை மட்டும் கடைசியாக, இரவும் 10 டிகிரிக்குமேல் நிலைத்தபின் எடுத்துச் செல்லுங்கள். பார்ஸ்லி இரண்டாம் ஆண்டில் தண்டு நீட்டிப் பூத்துவிடும், இலையும் கசக்கத் தொடங்கும். அதை நம்பியிராமல் இப்போதே புது விதை போட்டுவிடுங்கள்.

வெளியில் நின்ற சேஜோ ரோஸ்மேரியோ பழுத்துப் பட்டுப்போனதுபோலத் தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். நகத்தால் தண்டின் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், பச்சை எங்கே தொடங்குகிறதோ அதுவரை வந்து நின்றுகொள்ளுங்கள். புதுத்தளிர் கண்ணில் படும்வரை பொறுத்திருந்து, தளிருக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ரோஸ்மேரியிலும் லாவெண்டரிலும் இலையே இல்லாத மொட்டைக் கட்டைவரை இறங்கி வெட்டிவிட்டால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.